எரிந்த ஏரிப் பள்ளத்துக் கொம்பன்

ஆறாவது நாள் காலையிலும் நோர்பெர்ட் சரியாக நேரம் பார்த்துத்தான் இருமினார். குதிரைகளைக் கீழே கட்டிவிட்டு, முக்கால் மணி நேரம் சத்தமில்லாமல் ஏறி, காட்டின் விளிம்புக்கு வந்து நின்ற அந்த நிமிஷம்தான் அவருக்குத் தொண்டை அரித்தது. லோர்னா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“மன்னிச்சுக்கோங்க” என்றார் நோர்பெர்ட், இருமலை விடச் சத்தமாக.

“பரவாயில்ல. பேசாதீங்க.”

“நான் எங்க பேசினேன்? மன்னிப்புத்தானே கேட்டேன்?”

விஸ்கான்சினிலிருந்து காசு கட்டி வேட்டைக்கு வந்த விருந்தாளி அவர். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார், குதிரைக்குக்கூட நன்றி சொல்வார். ஆனால் மொன்டானா மலையில் எல்க் மான் வேட்டைக்கு அந்த நல்ல குணமெல்லாம் எந்த மூலைக்கு?

லோர்னாவுக்கோ இந்த மனிதர் ஒரு கொம்பனை, அதாவது கொம்பு வளர்ந்த ஆண் எல்கை, சுட்டே ஆக வேண்டும். பதினோரு வருஷமாக அவள் டெல்மரின் வேட்டை முகாமில் சமையல்காரி. கைடாக்கச் சொல்லி வருஷா வருஷம் கேட்பாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்பார் டெல்மர். இந்த வருஷம் சீசன் தொடங்கிய வாரத்திலேயே அவருடைய கைடு ரஸ்ஸைக் கோவேறு கழுதை உதைத்துத் தோள்பட்டை போய்விட்டது. வேறு ஆள் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் டெல்மர் அவளைக் கூப்பிட்டார்.

“ஒரே ஒரு வாரம், ஒரே ஒரு ஆளு” என்றார். “அவரு கொம்போட இறங்கினா அடுத்த சீசன்லேர்ந்து நீ கைடு. வெறுங்கையோட இறங்கினா கரண்டியப் பிடி. அப்புறம் இந்தப் பேச்சையே என்கிட்ட எடுக்கக் கூடாது.”

சரி என்றாள். அந்த ஒரு வாரத்துக்குச் சமையல் யார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். தினமும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து அப்பமும் பன்றி இறைச்சியும் வாட்டி வைத்துவிட்டு மலையேறினாள். இறங்கி வந்ததும் நேராக அடுப்புக்குப் போனாள். ரஸ் கைடாக இருந்த எட்டு வருஷத்தில் ஒரு வெங்காயம் உரித்திருப்பானா?

வாரம் போன போக்கை நினைத்தால் அழுகை வரும். முதல் நாள் பனிமூட்டத்தில் தன் கையே தெரியவில்லை. இரண்டாம் நாள் ஒரு கன்றுக் கொம்பன் வெட்டவெளியில் வந்து நின்றது, ஒற்றைக் கம்பி போலக் கொம்பு, அதைச் சுட்டால் லைசென்ஸே போய்விடும். நோர்பெர்ட் குறி பார்த்தே விட்டார். லோர்னா பாய்ந்து துப்பாக்கிக் குழலைக் கீழே தள்ளினாள். மூன்றாம் நாள் அவள் இரண்டு மணி நேரம் தவம் கிடந்த புல்வெளிக்குள் நகரத்திலிருந்து வந்த மூன்று பேர் சிரித்துப் பேசிக்கொண்டே குதிரையில் வந்தார்கள். அரசாங்கக் காடு, யார் வேண்டுமானாலும் வரலாம், வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல முடியாது. அதில் ஒருவன் அவளிடம் காபி இருக்கிறதா என்று வேறு கேட்டான். அதற்குப் பிறகு இரண்டு நாள் நோர்பெர்ட்டின் குதிகால் கொப்புளத்துக்குச் சரியாகப் போயிற்று.

இன்று கடைசி நாள். அதிகாலைச் சாப்பாட்டின்போது டெல்மர் வழக்கம்போல இடம் பிரித்துக் கொடுத்தார். அந்த முகாமில் அதுதான் நடைமுறை. காடு எல்லோருக்கும் பொது, ஆனால் முகாமுக்குள் டெல்மர் காலையில் சொன்னதுதான் எல்லை, ஒருவர் பள்ளத்துக்குள் மற்றவர் கால் வைக்கக் கூடாது. “நானும் டாக்டரும் வடக்கு ஓடைக்குப் போறோம். எரிஞ்ச ஏரிப் பள்ளம் உனக்கு” என்றார். டாக்டர் என்றது ஃபென்டனை, டெல்மர் தானே கூட்டிக்கொண்டு சுற்றுகிற பல் டாக்டர். எரிந்த ஏரிப் பள்ளம், காட்டுத்தீயில் கருகிய மரங்களும் ஒரு குட்டி ஏரியுமாக, நல்ல இடம். கடைசி நாளிலாவது மனிதருக்கு மனசு இளகியதே என்று லோர்னா நினைத்தாள்.

வெளுக்கத் தொடங்கியதும் அவள் மானைக் கூப்பிடும் ரப்பர் சவ்வை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, ஊதுகுழலை வாயில் வைத்துக் கொம்பனைப் போல ஒரு முறை கூவினாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மேலே ஏறி, விசிலாக நீண்டு, கடைசியில் இரண்டு உறுமலாக உடைகிற கூவல். ஆண்கள் மலைக்குப் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே பதினோரு வருஷம் பழகியது அது. ஓடையையும் குதிரைகளையும் தவிர யாரும் கேட்டதில்லை.

பள்ளத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, கருகிய மரங்களுக்கும் அப்பாலிருந்து, உடனே பதில் வந்தது.

நோர்பெர்ட்டின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு பழைய அடிமரத்துக்குப் பின்னால் உட்கார வைத்தாள்.

“நல்லாக் கேட்டுக்கோங்க. நான் எழுபது அடி பின்னால போய் உக்காந்து கூவுவேன். அது என் குரலைத் தேடி வரும், உங்களைப் பாக்காது. உங்க முன்னால குறுக்கே வரும்போது சுடுங்க. என்கூடப் பேசுறானே, அந்தக் கொம்பன மட்டும்தான் சுடணும். வேற எது வந்தாலும் கை வைக்கக் கூடாது. சின்னது கின்னது எதையாவது சுட்டு வச்சீங்கன்னா என் கதை அவ்வளவுதான்.”

“பேசுறவன மட்டும்” என்றார் நோர்பெர்ட், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

அவள் பின்னால் போய், முன்பக்கம் ஒன்றும் தெரியாத அடர்ந்த மரங்களுக்குள் உட்கார்ந்து கூவினாள். அது பதில் கூவியது. அவள் கோபமாகக் கூவினாள், அது அதைவிடக் கோபமாகக் கூவியது. அவள் ஒரு கட்டையை எடுத்து மரத்தில் தேய்த்து, கொம்பு உரசுகிற சத்தம் எழுப்பினாள். அங்கேயும் மரம் உரசும் சத்தம் கேட்டது. என்ன மிருகம் இது என்று அவளுக்குப் புல்லரித்தது. வயசான கொம்பனாகத்தான் இருக்க வேண்டும், அவ்வளவு நிதானம், அவ்வளவு திமிர். ஆனால் வர மாட்டேன் என்கிறது. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, வேண்டுமானால் நீ வா என்கிறது.

அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை மணியும் ஆயிற்று. அவளுக்கு உதடு மரத்துப்போய் எச்சில் வற்றிவிட்டது. “வாடா, வந்து தொலையேன்டா” என்று குழலுக்குள்ளேயே முனகினாள். வெயில் ஏறிவிட்டால் காற்றுத் திரும்பிவிடும், வாடை காட்டிக் கொடுத்துவிடும். சரி, இவன் வரப்போவதில்லை, எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிட்டு நோர்பெர்ட்டை அங்கே கூட்டிப் போகலாம் என்று முடிவு செய்தாள். குனிந்தபடி பள்ளத்தின் மேல் விளிம்போடு சுற்றிப் போனாள். ஒரு பாறை இடுக்கில் படுத்துப் பைனாகுலரைத் தூக்கினாள்.

கருகிய மரங்களுக்கு நடுவே ஏதோ ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தது.

வேட்டைக்காரன் போட்டுக்கொள்ளும் மேல்சட்டை. அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மறுபடியும் எவனோ நகரத்துக்காரன், மறுபடியும் இந்தப் பாழாய்ப்போன பொதுக்காடு என்று நினைத்தபோதே அந்த ஆள் தலையைத் திருப்பினார். சாம்பல் தொப்பி, அதற்குக் கீழே வெள்ளை மீசை. டெல்மர். அவர் குழலை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பினார், அவள் காலையிலிருந்து காதலிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கூவல் அவர் வாயிலிருந்து வந்தது. கூவி முடித்துவிட்டு, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, அவளுடைய பதிலுக்காகக் காத்திருந்தார். அவருக்கு முன்னால் தள்ளி டாக்டர் ஃபென்டன் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த மூச்சில் உடம்பெல்லாம் எரிந்தது. வடக்கு ஓடைக்குப் போகிறேன் என்றவர், அவளுக்கென்று கொடுத்த பள்ளத்துக்குள் கடைசி நாளில் வந்து உட்கார்ந்திருக்கிறார். பதினோரு வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரே ஒரு வாரம். எழுந்து கத்தலாமா என்று நினைத்தாள். இரண்டு விருந்தாளிகளுக்கு முன்னால் அந்த மனிதரை அவமானப்படுத்தினால் அடுத்த வருஷத்துக் கதவும் சாத்திக்கொள்ளும். சத்தமில்லாமல் பின்வாங்கினாள்.

நோர்பெர்ட், அவள் வைத்த இடத்திலேயே பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

“எந்திரிங்க, போலாம்” என்றாள் லோர்னா. “கொம்பன் இல்ல. மனுஷன்.”

“அப்படியா? அடடா. அப்ப அந்த இன்னொண்ணு?”

“எந்த இன்னொண்ணு?”

“நீங்க ரெண்டு பேரும் மாறி மாறிக் கூவிக்கிட்டு இருக்கும்போது ஒரு கூட்டம் போச்சே. ஏழெட்டுப் பெட்டை, பின்னால ஒரு பெரியவன். ஒரு பக்கம் ஆறு கிளை, நான் எண்ணினேன். இந்தா, அந்தக் குட்டி மரம் இருக்குல்ல, அது வழியா நடந்து மேல கணவாய்ப் பக்கம் போயிட்டான். அழகுன்னா அப்படி ஒரு அழகு.”

குட்டி மரம் எண்பது அடி தூரத்தில் இருந்தது. லோர்னா அதைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

“ஏன் சுடல?”

“அவன் பேசலையே” என்றார் நோர்பெர்ட். “வாயே திறக்கல. பேசுறவன மட்டும்தான் சுடணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவள் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். யாரை நோவது? பெட்டைகளோடு இருக்கிற கொம்பன், வெளியே இரண்டு முரடர்கள் சண்டைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றால், வாயை மூடிக்கொண்டு குடும்பத்தை ஓட்டிக்கொண்டுதான் போகும். இது அவளுக்குத் தெரியாதா? அவளும் டெல்மரும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் கத்தி, மலையிலேயே பெரிய கொம்பனைப் பத்திரமாக வழியனுப்பி வைத்திருக்கிறார்கள். அதுவும் போகிற வழியில் இந்த மனிதருக்கு முன்னால் நின்று காட்டிவிட்டுப் போயிருக்கிறது.

“நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?” என்று கேட்டார் நோர்பெர்ட்.

“இல்ல. நான் சொன்னதத்தான் செஞ்சீங்க” என்றாள் லோர்னா. அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

மாலையில் சமையல் கூடாரத்துக்குள் டெல்மர் நுழைந்தபோதே பாதிக் கதையைச் சொல்லிக்கொண்டுதான் நுழைந்தார். தட்டில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் விழுந்தது கூட அவருக்குத் தெரியவில்லை.

“டாக்டர், நீங்க சொல்லுங்க. நான் சொன்னா இவங்க நம்ப மாட்டாங்க.”

ஃபென்டன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “ஒண்ணரை மணி நேரம். ஒவ்வொரு கூவலுக்கும் பதில். எனக்கு முதுகு மயிரெல்லாம் நட்டுக்கிச்சு. அந்தக் கருகின மரத்துக்கு நடுவுல, குட்டி ஏரிக்குப் பக்கத்துல உக்காந்து…”

டெல்மர் தொண்டையைச் செருமினார்.

“வடக்கு ஓடையில ஏரி ஏது?” என்றாள் லோர்னா.

“தடம் அந்தப் பக்கம் கொண்டுபோச்சு, போனோம். பொதுக்காடுதானே? உனக்கென்ன பட்டா போட்டுக் கொடுத்திருக்கா?”

“காலையில நீங்கதான் அந்தப் பள்ளத்த எனக்குன்னு சொன்னீங்க.”

“சொன்னேன். நீ அத வச்சு என்ன பண்ணின? அவ்வளவு பெரிய கொம்பன் அங்க நின்னு கூவுறான், நீ எந்தப் பொந்துல இருந்த?”

லோர்னா கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னாள்: “அந்தக் கொம்பன் நான்தான்.”

டெல்மர் சிரித்தார், மேஜை ஆடுகிற மாதிரி சிரித்தார்.

“ஏன் தாயி, கேக்கறவன் கேனையனா? முப்பத்திரண்டு வருஷமா இந்தக் காது இதத்தான் கேக்குது. ரப்பர்ல ஊதுறதுக்கும் நெஞ்சுலேர்ந்து வர்றதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? அது கிழட்டுக் கொம்பன். பத்துச் சண்டை பாத்துத் தொண்டை உடைஞ்ச குரல். கடைசியில ரெண்டு உறுமல் உறுமுவான் பாரு, அந்த மாதிரி நான் வாழ்நாள்ல கேட்டதில்ல.”

பதினோரு வருஷத்தில் அந்த மனிதர் அவளை இவ்வளவு புகழ்ந்ததே கிடையாது. அவளுக்கு அந்தச் சட்டியைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது.

“நான் உங்கள பைனாகுலர்ல பாத்தேன், டெல்மர். பாறைக்கு வலது பக்கம் உக்காந்திருந்தீங்க. காதுல கை வச்சுக்கிட்டு.”

“எல்லாரும்தான் காதுல கை வப்போம்.”

“நான் சாட்சி சொல்றேன்” என்றார் நோர்பெர்ட். “அவங்க எனக்குப் பின்னால உக்காந்து ஊதினாங்க. நான் கேட்டேன்.”

“நீங்க சும்மா இருங்க, நோர்பெர்ட். ஆறு கிளைக் கொம்பன எண்பது அடியில விட்டுட்டு வேடிக்கை பாத்த மனுஷன் நீங்க.” அந்தக் கதையை நோர்பெர்ட் தானே வந்து எல்லோரிடமும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அதுதான் நல்ல மனிதர்களோடு இருக்கிற தொல்லை.

லோர்னா கரண்டியை வைத்தாள். சட்டைப் பையிலிருந்து சவ்வை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, குழல்கூட இல்லாமல், நின்ற இடத்திலேயே கூவினாள். கூடாரத் துணி அதிர்ந்தது. வெளியே குதிரைகள் காலை உதைத்தன. ஃபென்டன் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

டெல்மர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, முழுசாகக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார். “பரவாயில்ல, தேறிட்ட. ஆனா அது இது இல்ல.”

ஃபென்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டெல்மர் முகத்தைப் பார்த்துவிட்டு உருளைக்கிழங்குக்குத் திரும்பினார்.

“நாளைக்கு டாக்டரக் கூட்டிக்கிட்டு மறுபடியும் போறேன். அவன் அந்தப் பள்ளத்த விட்டுப் போக மாட்டான்” என்றார் டெல்மர். “மத்தியானம் நோர்பெர்ட்டக் கீழ கூட்டிப்போக ஆளுங்க வருவாங்க. அஞ்சு பேருக்கு பீன்ஸ் வச்சிடு. நாம பேசினது ஞாபகம் இருக்குல்ல? வெறுங்கைன்னா கரண்டி.”

அவள் தட்டுகளை அடுக்கினாள். மோசமாகக் கூவியிருந்தால் நம்பியிருப்பார். நன்றாகக் கூவியதால் நம்ப மாட்டேன் என்கிறார். இந்த அநியாயத்தை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

மறுநாள் காலை பீன்ஸ் பெரிய சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. நோர்பெர்ட் தன் காலுறைகளை ஒவ்வொன்றாகச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பள்ளத்தின் வாயில்தான் முகாம். முந்தின நாள் வாடை காட்டிக் கொடுக்காமல் இருக்கத்தான் லோர்னா குதிரையில் சுற்றிப் போய் ஏறியிருந்தாள். மேலேயிருந்து டெல்மரின் கூவல் தெளிவாக இறங்கி வந்தது.

“கூப்பிடுறாரு” என்றார் நோர்பெர்ட்.

“கூப்பிடட்டும்.”

இரண்டாவது முறையும் கூவல் வந்தது. லோர்னா சட்டியைக் கிண்டினாள். மூன்றாவது கூவலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அங்கே இருக்கிறாயா, இருந்தால் சொல் என்கிற மாதிரி.

“பாவமா இருக்குங்க” என்றார் நோர்பெர்ட். “ஒரு வார்த்தை பதில் சொல்லக் கூடாதா?”

லோர்னா சட்டியை மூடினாள். ஆரஞ்சுச் சட்டையை ஏப்ரனுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, குழலை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் இருந்த மரத்திட்டின் மேல் ஏறினாள். நோர்பெர்ட் ஒரு கையில் காலுறையோடு பின்னாலேயே வந்தார். அங்கே ஒரு பெருமரம் விழுந்து கிடந்தது, இடுப்பு உயரம். எந்தத் தோட்டாவும் துளைக்காத அதற்குப் பின்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். டெல்மரிடம் எந்தக் குறை இருந்தாலும் ஒரு விஷயத்தில் அவரை நம்பலாம். மிருகத்தைத் தன் கண்ணால் பார்த்துத் தலையாட்டும்வரை எந்த விருந்தாளியையும் துப்பாக்கியில் தோட்டா ஏற்ற விட மாட்டார்.

அவள் கூவினாள். நேற்றுக் கூவியது போலவே, கடைசியில் இரண்டு உறுமலோடு.

பதில் அந்த நொடியே பாய்ந்து வந்தது. சந்தோஷத்தில் கூவலே பிசிறடித்தது.

அதற்குப் பிறகு அவசரமே இல்லை. அவர் நான்கு முறை கூவினால் அவள் ஒரு முறை கூவினாள். குரலைத் தாழ்த்தி, போகிறேன் போகிறேன் என்பது மாதிரி இழுத்தாள். அவர் விடவில்லை. கூவல் ஏரிக்கரையை விட்டுக் கிளம்பிச் சரிவுக்கு வந்தது, சரிவிலிருந்து சதுப்புக்கு வந்தது. முப்பத்திரண்டு வருஷ அனுபவத்தோடு, காற்றுப் பார்த்து, நிழல் பார்த்து, ஒரு சுள்ளி உடையாமல், டெல்மர் தன்னுடைய சமையல் கூடாரத்தை நோக்கி ஊர்ந்து வந்தார். அதற்கு ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. நோர்பெர்ட் சிரிப்பை அடக்க அந்தக் காலுறையை வாயில் திணித்துக்கொண்டார். லோர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு தூரம் ஒருவரை இழுத்து வந்துதானா ஒரு சின்ன விஷயத்தை ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரமாகவே இருந்தது.

நாற்பது அடிக்கு முன்னால் புதர் அசைந்தது. டெல்மர் முழங்காலிட்டு எழுந்தார். பக்கத்தில் ஃபென்டன், தோட்டா ஏற்றாத துப்பாக்கியோடு, மூச்சு வாங்கிக்கொண்டு. டெல்மர் குழலை வாயில் வைத்து மெதுவாக ஒரு கூவல் கூவினார்.

லோர்னா விழுந்த மரத்தின் மேல் ஏறி நின்றாள். ஏப்ரன் காற்றில் ஆடியது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் முழுக் கூவலையும் கூவினாள், தொடக்கத்திலிருந்து இரண்டு உறுமல் வரை. டெல்மர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். குழல் அவர் கையிலிருந்து மெல்லக் கீழே இறங்கியது.

“இதேதான்” என்றார் ஃபென்டன். “நேத்து கேட்டது இதேதான், டெல்மர்.”

டெல்மர் முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டினார். தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவது போலப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். வெயில் ஏறிக் காற்றுத் திரும்பியிருந்தது. கீழேயிருந்து முகாமின் வாடை அவர்கள் நான்கு பேருக்கும் சேர்ந்து வந்தது.

“பீன்ஸ் அடிப்பிடிக்குது” என்றார் டெல்மர்.

“ஆமா” என்றாள் லோர்னா. அவள் மரத்தை விட்டு இறங்கவில்லை. “போய்க் கிண்டுங்க.”

ஃபென்டன் தன் பூட்ஸைப் பார்த்தார். நோர்பெர்ட் இருமலை அடக்கிக்கொண்டார். டெல்மர் குழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவளைக் கடந்து, கூடாரத்தை நோக்கிச் சரிவில் இறங்கினார். பாதி தூரம் போய் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

“உப்புப் போட்டாச்சா?” என்று கேட்டார்.

“இல்ல” என்றாள் லோர்னா. “நீங்கதான் போடணும்.”